காரில் திடீரென எரியும் ஆல் வீல் டிரைவ் விளக்கு: தொடர்ந்து ஓட்டலாமா, நிறுத்தணுமா? காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஆழியாறில் இருந்து வால்பாறைக்கு ஏறும் மலைப்பாதை. மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள். காரில் ஒரு குடும்பம். ஏழாவது வளைவைத் தாண்டியதும் டேஷ்போர்டில் மஞ்சள் நிறத்தில் ஒரு விளக்கு எரிகிறது. அடுத்த வளைவு வருவதற்குள் இன்னும் இரண்டு விளக்குகள். திரையில் 'ஆல் வீல் டிரைவ் சிஸ்டத்தைப் பரிசோதிக்கவும்' என்று ஒரு வரி.

"என்னப்பா அது, என்னமோ மஞ்சளா எரியுது?" என்கிறார் பின் சீட்டில் இருக்கும் அப்பா.

"தெரியலப்பா. வண்டி நல்லாத்தான் ஓடுது."

"பேசாம திரும்பிப் போயிடலாமா?" என்கிறார் பக்கத்து சீட்டில் மனைவி.

இது ஒரு கற்பனைக் காட்சிதான். ஆனால் எஸ்யூவி வைத்திருக்கும் பலருக்கும் இது புதிதல்ல. மாருதி கிராண்ட் விட்டாரா ஆல்கிரிப், மஹிந்திரா எக்ஸ்யூவி700, ஜீப் காம்பஸ், ஹூண்டாய் டூசான் என நான்கு சக்கரங்களுக்கும் இழுவை கொடுக்கும் வசதியுள்ள கார்கள் இந்தியச் சாலைகளில் கூடியிருக்கின்றன. அந்த வசதியில் கோளாறு என்று விளக்கு எரிந்தால் என்ன செய்வது? மேலே ஏறலாமா? கீழே இறங்குவது ஆபத்தா? பிரேக் பிடிக்குமா?

இன்னொரு கேள்வியும் உண்டு. இந்த ஒரு விளக்குக்காக ஆயிரம் ரூபாயில் முடிய வேண்டிய வேலை, லட்சத்தைத் தொடும் பில்லாக மாறாமல் தடுப்பது எப்படி?

முதல் ஒரு நிமிஷம்: நிறத்தைப் பாருங்க

டேஷ்போர்டு விளக்குகளுக்கு ஒரு பொது மொழி உண்டு. எந்த நிறுவனத்தின் காராக இருந்தாலும் அந்த மொழி ஏறக்குறைய ஒன்றுதான்.

சிவப்பு என்றால் உடனே பாதுகாப்பான இடத்தில் நிறுத்த வேண்டும். மஞ்சள் என்றால் கோளாறு இருக்கிறது, கவனமாக ஓட்டிச் சென்று விரைவில் காட்ட வேண்டும். பச்சை, நீலம் இரண்டும் ஏதோ ஒரு வசதி வேலை செய்கிறது என்ற தகவல் மட்டுமே.

ஆல் வீல் டிரைவ் விளக்கு பொதுவாக மஞ்சள் நிறத்தில்தான் எரியும். அது தனியாக எரிந்தால் பதற்றம் தேவையில்லை. கூடவே வேறு என்ன எரிகிறது என்பதுதான் முக்கியம். கீழே உள்ளவற்றில் ஒன்று சேர்ந்து எரிந்தாலும் பயணத்தைத் தொடரக் கூடாது.

* எண்ணெய்க் குடுவை வடிவ சிவப்பு விளக்கு: இன்ஜின் ஆயில் பிரஷர் குறைவு. இன்ஜினை உடனே அணைக்க வேண்டும்.
* தெர்மாமீட்டர் வடிவ சிவப்பு விளக்கு: இன்ஜின் கொதிநிலை. நிறுத்தி ஆற விட வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.
* ஹேண்ட் பிரேக் விடுவித்த பிறகும் எரியும் சிவப்பு பிரேக் விளக்கு: பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம், அல்லது பிரேக் சிஸ்டத்தில் கோளாறு இருக்கலாம்.
* விட்டு விட்டு மின்னும் 'செக் இன்ஜின்' விளக்கு: இது மஞ்சள்தான், ஆனால் மின்னினால் அர்த்தம் வேறு. சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாமல் வெளியேறுகிறது. தொடர்ந்து ஓட்டினால் புகைக்குழாயில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டர் அளவுக்கு மீறி சூடாகிக் கெட்டுப்போகும்.

மலைப்பாதையில் ஒரு கூடுதல் எச்சரிக்கை. விளக்கு எரிந்தது என்று வளைவிலேயே நிறுத்திவிடக் கூடாது. பின்னால் வரும் பஸ்சுக்கு உங்கள் கார் தெரியாது. அகலமான இடம் வரும் வரை மெதுவாகச் சென்று, ஹசார்டு விளக்கைப் போட்டுவிட்டு நிறுத்த வேண்டும்.

ஆல் வீல் டிரைவ் என்றால் என்ன?

சாதாரண காரில் இன்ஜினின் சக்தி முன் சக்கரங்களுக்கோ, பின் சக்கரங்களுக்கோ மட்டும் போகும். ஆல் வீல் டிரைவில் நான்கு சக்கரங்களுக்கும் போகும். 1972ல் ஜப்பானின் சுபாரு, லியோன் என்ற காரில் இதைக் கொண்டுவந்தது. 1980ல் ஜெர்மனியின் ஆடி, குவாட்ரோ காரை அறிமுகப்படுத்திய பிறகு உலகம் முழுக்கப் பேசப்பட்டது.

இன்றைய எஸ்யூவிகள் பலவற்றில் இருப்பது தேவைப்படும்போது மட்டும் வேலை செய்யும் வகை. சாதாரணமாக முன் சக்கரங்கள்தான் இழுக்கும். பின் சக்கரங்களுக்குச் செல்லும் நீளமான ஷாஃப்ட்டின் முனையில் 'கப்ளிங்' என்ற ஒரு பாகம் இருக்கும். அதற்குள் அடுக்கடுக்காக கிளட்ச் தகடுகள். முன் சக்கரம் வழுக்குவதை, அல்லது வழுக்கப் போகிறது என்பதை கம்ப்யூட்டர் உணர்ந்ததும், அந்தத் தகடுகளை ஒன்றோடொன்று அழுத்தும். பின் சக்கரங்களுக்கும் சக்தி போகும். தேவை முடிந்ததும் அழுத்தத்தை விட்டுவிடும்.

டொயோட்டா ஃபார்ச்சூனர், மஹிந்திரா தார் போன்றவற்றில் உள்ள ஃபோர் வீல் டிரைவ் வேறு. அதில் ஓட்டுநர்தான் லீவரையோ சுவிட்சையோ மாற்றி இணைக்க வேண்டும். இணைத்துவிட்டால் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் பூட்டப்பட்டுவிடும். காய்ந்த தார்ச் சாலையில் அப்படி ஓட்டினால் திருப்பங்களில் கியர்கள் இறுகிக்கொள்ளும். இந்த வகை கார்களில் ஃபோர் வீல் டிரைவ் விளக்கு மின்னினால் பல நேரங்களில் அது கோளாறே அல்ல. மாற்றம் இன்னும் முழுதாக முடியவில்லை என்று அர்த்தம். கையேட்டில் சொன்னபடி வேகத்தைக் குறைத்தோ, சற்று முன்னும் பின்னும் நகர்த்தியோ பார்த்தால் விளக்கு நிலையாகிவிடும்.

ஒரு கோளாறுக்கு ஏன் மூணு நாலு விளக்கு எரியுது?

எல்லாரையும் பயமுறுத்துவது இதுதான். ஆல் வீல் டிரைவ், ஏபிஎஸ், வண்டி வழுக்கும் படம் போட்ட விளக்கு, குரூஸ் கன்ட்ரோல் என வரிசையாக எரியும். 'மொத்த வண்டியும் போச்சு' என்று தோன்றும். ஆனால் பெரும்பாலும் ஒரே ஒரு மூல காரணம்தான் இருக்கும்.

இதற்கு இரண்டு காரணங்கள்.

முதலாவது, இந்த சிஸ்டங்கள் எல்லாம் ஒரே தகவலை நம்பி இருக்கின்றன. ஒவ்வொரு சக்கரத்திலும் வேகத்தை அளக்கும் சென்சார் ஒன்று உண்டு. அதன் தகவல் ஏபிஎஸ் கம்ப்யூட்டருக்குப் போய், அங்கிருந்து காரின் உள் நெட்வொர்க் வழியாக மற்ற எல்லா கம்ப்யூட்டர்களுக்கும் போகிறது. எந்த சக்கரம் வழுக்குகிறது என்பதை ஆல் வீல் டிரைவ் தெரிந்துகொள்வதும் இதே சென்சார்கள் மூலம்தான். ஒரு சென்சார் பேசாமல் போனால், அதை நம்பியிருக்கும் எல்லாரும் 'எனக்கும் தெரியாது' என்று கைவிரித்துவிடுவார்கள். விளக்குகள் வரிசையாக எரிவது அதனால்தான்.

இரண்டாவது, தற்காப்பு. இன்ஜினில் கோளாறு என்று தெரிந்தால் சில கார்கள் மற்ற வசதிகளையும் சேர்த்து நிறுத்திவைக்கும். இதற்கு நன்கு தெரிந்த உதாரணம் சுபாரு கார்கள். அமெரிக்காவில் பெட்ரோல் டேங்க் மூடியைச் சரியாக இறுக்காமல் விட்டாலே பெட்ரோல் ஆவி கசிகிறது என்று செக் இன்ஜின் விளக்கு எரியும். அத்துடன் வண்டியின் நிலைத்தன்மைக் கட்டுப்பாட்டு விளக்கும் குரூஸ் கன்ட்ரோல் விளக்கும் சேர்ந்துகொள்ளும். மூடியை இறுக்கி, கோளாறு நீங்கியதை கம்ப்யூட்டர் சில பயணங்களில் உறுதி செய்துகொண்டால் எல்லாம் அணைந்துவிடும்.

அதாவது, எரியும் விளக்கு காட்டும் பாகத்தில்தான் கோளாறு என்று அர்த்தம் இல்லை. இது தெரியாமல் போனால்தான் தேவையில்லாத பாகங்கள் மாற்றப்படுகின்றன.

அடிக்கடி வரும் காரணங்கள் என்னென்ன?

1. டயர் வித்தியாசம்

ஆல் வீல் டிரைவ் காரில் முதலில் பார்க்க வேண்டியது டயரைத்தான். பலரும் கடைசியில்தான் பார்க்கிறார்கள்.

'முன்னாடி ரெண்டு டயர் தேஞ்சு போச்சு, ரெண்டு மட்டும் மாத்திக்கலாம்' என்பது நம் ஊர் வழக்கம். சாதாரண காருக்கு அது சரி. ஆல் வீல் டிரைவுக்கு ஏன் சரிப்படாது என்பதற்கு ஒரு எளிய கணக்கு.

215/60 ஆர்17 அளவுள்ள புது டயரின் சுற்றளவு சுமார் 2,167 மில்லிமீட்டர். அதன் பட்டன் 8 மில்லிமீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். பின்னால் இருக்கும் பழைய டயரில் பட்டன் 3 மில்லிமீட்டர்தான் மிச்சம். சுற்றளவு சுமார் 31 மில்லிமீட்டர் குறைந்துவிடும். ஒரு கிலோமீட்டர் போவதற்கு புது டயர் சுமார் 461 முறை சுற்றினால், பழைய டயர் 468 முறை சுற்ற வேண்டும். கிலோமீட்டருக்கு 7 சுற்று வித்தியாசம். 100 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 680 சுற்று.

முன்னும் பின்னும் வேறு வேகத்தில் சுற்றுவதை கம்ப்யூட்டர் 'சக்கரம் வழுக்குகிறது' என்று தப்பாகப் புரிந்துகொள்ளலாம். கிளட்ச் தகடுகளை அழுத்தும். ஆனால் வித்தியாசம் தீராது. தகடுகள் உரசிக்கொண்டே இருக்கும். சூடேறும். ஒரு கட்டத்தில் கம்ப்யூட்டர் கப்ளிங்கை விடுவித்து, விளக்கை எரியவிடும். இதைக் கவனிக்காமல் மாதக் கணக்கில் ஓட்டினால் தகடுகளே தேய்ந்துபோகும்.

சுபாரு தன் கார்களுக்கு நான்கு டயர்களின் சுற்றளவு வித்தியாசம் கால் இன்ச்சுக்குள், அதாவது சுமார் 6.4 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கிறது. பட்டன் ஆழக் கணக்கில் இது வெறும் 1 மில்லிமீட்டர். எல்லா நிறுவனங்களும் இவ்வளவு கண்டிப்பு இல்லை. உங்கள் காருக்கு எவ்வளவு என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஸ்டெப்னிக்கும் இது பொருந்தும். பல கார்களில் ஸ்டெப்னி மற்ற டயர்களை விடச் சிறிய அளவில்தான் வருகிறது. பஞ்சர் கடை வரை போவதற்கு மட்டும்தான் அது. அதை மாட்டிக்கொண்டு ஊர் சுற்றினால் இந்த விளக்கு எரிவதில் ஆச்சரியமில்லை. காற்றழுத்தம் ஒரு டயரில் மட்டும் மிகவும் குறைந்திருந்தாலும் இதே சிக்கல் வரலாம்.

2. சக்கர வேக சென்சார்

சக்கரத்துக்குப் பக்கத்திலேயே, சேறு, தண்ணீர், சூடு எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு இருப்பது இந்த சென்சார். ஒயர் உரசி அறுந்துபோவது, கனெக்டரில் தண்ணீர் புகுந்து பச்சை பூப்பது, சென்சார் முனையில் இரும்புத்தூள் ஒட்டிக்கொள்வது எல்லாம் சகஜம்.

ஒரு முக்கியமான குறிப்பு: பல கார்களில் சென்சார் படிக்கும் காந்த வளையம் வீல் பேரிங்கின் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். பேரிங்கைத் திருப்பி மாட்டிவிட்டால் சென்சாருக்கு எதுவுமே தெரியாது. எனவே, பேரிங் மாற்றிய மறுநாள் விளக்கு எரிந்தால், புது சென்சார் வாங்குவதற்கு முன் பேரிங் சரியாக மாட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும்.

அதேபோல, வீல் அலைன்மென்ட் செய்த பிறகு ஸ்டீயரிங் கோணத்தை அளக்கும் சென்சாரை மறுபடி அளவீடு செய்ய வேண்டிய கார்களும் உண்டு. அதை விட்டுவிட்டாலும் இதே விளக்குகள் எரியலாம்.

3. பலவீனமான பேட்டரி

நாலைந்து விளக்குகள் சம்பந்தமே இல்லாமல் ஒன்றாக எரிந்தால், குறிப்பாகக் காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் எரிந்தால், பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டும். ஸ்டார்ட் ஆகும் நொடியில் வோல்ட்டேஜ் அதிகமாக விழுந்தால் சில கம்ப்யூட்டர்கள் சரியாக விழித்துக்கொள்வதில்லை. மற்றவை அதைக் கோளாறாகப் பதிவு செய்துவிடும்.

வண்டி அணைந்து சில மணி நேரம் கழித்து முழு சார்ஜில் உள்ள பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.5 முதல் 14.7 வரை இருக்க வேண்டும். சாதாரண மல்டிமீட்டரில் இரண்டு நிமிட வேலை.

4. கப்ளிங் சூடாவது

மணல், சேறு, செங்குத்தான மண் சாலை. சக்கரம் சுழன்றுகொண்டே இருந்தால் கப்ளிங் உண்மையிலேயே சூடாகும். அப்போது கம்ப்யூட்டர் தானாகவே இரு சக்கர இழுவைக்கு மாறிவிடும். வண்டியை நிறுத்தி ஆற விட்டால் விளக்கும் அணைந்துவிடும். இது கோளாறு இல்லை, பாதுகாப்பு ஏற்பாடு. ஆனால் நல்ல தார்ச் சாலையில் இப்படி நடந்தால் காரணத்தைத் தேட வேண்டும்.

5. ஆயிலும் பம்பும்

சில கார்களில் கப்ளிங்கை இயக்குவது ஒரு சின்ன மின் பம்ப். ஹால்டெக்ஸ் வகை கப்ளிங் இதற்கு உதாரணம். தகடுகளில் இருந்து தேயும் துகள்கள் பம்ப்பின் வடிகட்டியை அடைத்துவிடும். குறித்த காலத்தில் ஆயிலை மாற்றி, வடிகட்டியைச் சுத்தம் செய்தால் போதும். அதை விட்டுவிட்டால் பம்ப் எரிந்துபோகும். இன்ஜின் ஆயில் மாற்றுவது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். பின்னால் இப்படி ஒரு ஆயில் இருப்பதே பலருக்குத் தெரியாது.

6. வெள்ளத் தண்ணீர்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் ஏராளமான கார்கள் தண்ணீரில் நின்றன. அப்படி நின்ற காரில் விளக்கு அன்றே எரிய வேண்டும் என்பதில்லை. கனெக்டர்களுக்குள் அரிப்பு மெதுவாகத்தான் வளரும். பின் டிஃபரன்ஷியலுக்குள் தண்ணீர் புகுந்தால் ஆயில் மோர் போல வெளுத்துவிடும். வெள்ளத்தில் நின்ற கார் என்றால், மெக்கானிக்கிடம் அதை மறைக்காமல் சொல்வது நல்லது. தேடும் நேரம் மிச்சமாகும்.

நீங்களே பார்க்க வேண்டிய வரிசை

செலவே இல்லாததில் தொடங்கி, செலவு உள்ளதை நோக்கிப் போக வேண்டும்.

* எரியும் விளக்குகளை, திரையில் வந்த வாசகத்தை, கிலோமீட்டர் எண்ணுடன் சேர்த்து போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சர்வீஸ் சென்டருக்குப் போகும்போது விளக்கு அணைந்திருந்தால் இதுதான் ஆதாரம்.
* விளக்கு எரிந்தபோது என்ன நடந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். மழையா, ஏற்றமா, ஸ்டார்ட் செய்தவுடனா, 100 கிலோமீட்டர் ஓடிய பிறகா?
* நான்கு டயர்களின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் அளவும் மாடலும் ஒன்றுதானா என்று பாருங்கள். காற்றழுத்தம் பாருங்கள். பட்டன் ஆழம் அளக்கும் சின்னக் கருவி மலிவாகவே கிடைக்கிறது.
* பெட்ரோல் டேங்க் மூடியை இறுக்குங்கள்.
* பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, சில நிமிடம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். விளக்கு போய்விட்டால் தற்காலிகக் கோளாறாகவோ, சூடானதாகவோ இருக்கலாம். மறுபடி வந்தால் நிலையான கோளாறு.
* பேட்டரி வோல்ட்டேஜைப் பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் தெரியவில்லை என்றால், கம்ப்யூட்டரிடம்தான் கேட்க வேண்டும்.

ஸ்கேனர் என்ன சொல்லும்? என்ன சொல்லாது?

ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். ஓபிடி போர்ட் என்பார்கள். அமெரிக்காவில் 1996 மாடல் முதல் இது கட்டாயம். இந்தியாவில் இப்போது விற்கும் பிஎஸ்-6 கார்களிலும் இது இருக்கிறது. இதில் ஸ்கேனரைச் செருகினால் கோளாறு குறியீடு கிடைக்கும். ஒரு எழுத்து, நான்கு எண்கள்.

* 'பி' என்று தொடங்கினால் இன்ஜின், கியர் பாக்ஸ் தொடர்பானது.
* 'சி' என்றால் பிரேக், ஸ்டீயரிங், சக்கரம் போன்ற அடிப்பகுதி.
* 'பி' போலவே ஒலிக்கும் இன்னொரு ஆங்கில எழுத்து, அதாவது ஆங்கில எழுத்து வரிசையில் இரண்டாவது எழுத்து, ஏர்பேக், ஏசி, கதவு போன்ற உடற்பகுதி.
* 'யு' என்றால் கம்ப்யூட்டர்களுக்கு இடையே பேச்சு அறுந்திருக்கிறது.

உதாரணமாக, சி0035 என்பது முன் இடது சக்கர வேக சென்சார் சுற்றில் கோளாறு. யு0121 என்பது ஏபிஎஸ் கம்ப்யூட்டரிடம் இருந்து பதில் வரவில்லை என்பது.

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். சி0035 வந்தால் 'சென்சார் போச்சு' என்று அர்த்தம் இல்லை. அந்த சென்சார், அதன் ஒயர், கனெக்டர், பேரிங்கில் உள்ள வளையம் என அந்த வழியில் எங்கோ கோளாறு என்றுதான் அர்த்தம். குறியீடு தெருவின் பெயரைச் சொல்லும். வீட்டு எண்ணைக் கண்டுபிடிப்பது மெக்கானிக்கின் வேலை.

அதற்கு ஒரு நல்ல வழி, ஓடும்போது கிடைக்கும் நேரடித் தகவலைப் பார்ப்பது. மெக்கானிக் பக்கத்து சீட்டில் ஸ்கேனருடன் இருக்க, 20 கிலோமீட்டர் வேகத்தில் நேராக ஓட்டினால் நான்கு சக்கரங்களும் ஏறக்குறைய ஒரே வேகத்தைக் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் பூஜ்யத்துக்கு விழுந்து எழுந்தால் ஒயரிலோ சென்சாரிலோ கோளாறு. முன் இரண்டுக்கும் பின் இரண்டுக்கும் நிலையான வித்தியாசம் இருந்தால் டயரைப் பார்க்க வேண்டும்.

ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் புளூடூத் ஸ்கேனர்கள் பெரும்பாலும் இன்ஜின் குறியீடுகளை மட்டுமே படிக்கும். ஏபிஎஸ், ஆல் வீல் டிரைவ் கம்ப்யூட்டர்களுக்குள் அவற்றால் போக முடியாமல் இருக்கலாம். 'என் ஸ்கேனர்ல ஒண்ணும் காட்டல, அப்ப ஒண்ணுமில்ல' என்ற முடிவுக்கு வந்துவிடக் கூடாது.

இன்னொன்று. 'பேட்டரி ஒயரைக் கழட்டி மாட்டுங்க, சரியாயிடும்' என்ற யோசனை அடிக்கடி வரும். குறியீட்டைப் படிக்கும் முன் அப்படிச் செய்யக் கூடாது. கோளாறு வந்தபோது வண்டி என்ன வேகத்தில், என்ன சூட்டில் இருந்தது என்ற பதிவும் சேர்ந்து அழிந்துவிடும். கோளாறு அப்படியே இருக்கும். ஆதாரம் மட்டும் போய்விடும்.

விளக்கோட வண்டிய ஓட்டலாமா?

ஆல் வீல் டிரைவ் விளக்கு மட்டும் மஞ்சளாக எரிந்து, வேறு சத்தமோ நடுக்கமோ இல்லை என்றால், பொதுவாகக் கார் இரு சக்கர இழுவையில் ஓடுகிறது என்று அர்த்தம். காய்ந்த சாலையில் மிதமான வேகத்தில் ஓட்டிச் சென்று காட்டலாம். சேறு, மணல், வழுக்கும் ஏற்றம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும்.

மலை இறங்கும்போது கவலைப்பட வேண்டியது ஆல் வீல் டிரைவைப் பற்றி அல்ல, பிரேக்கைப் பற்றி. நான்கு சக்கர இழுவை என்பது முன்னே தள்ளுவதற்கு. வண்டியை நிறுத்துவது எப்போதுமே நான்கு சக்கரங்களிலும் உள்ள பிரேக்தான்.

* ஏபிஎஸ் மஞ்சள் விளக்கு மட்டும் சேர்ந்து எரிந்தால்: சாதாரண பிரேக் வேலை செய்யும். ஆனால் திடீரென அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கலாம். இடைவெளி அதிகம் விட்டு, குறைந்த கியரில், மெதுவாக இறங்க வேண்டும்.
* ஏபிஎஸ் மஞ்சள் விளக்குடன் சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால்: முன், பின் சக்கரங்களுக்குப் பிரேக் விசையைப் பிரித்துக்கொடுக்கும் வசதியும் செயலிழந்திருக்கலாம். பின் சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி சுழலும் ஆபத்து உண்டு. மலையில் இறங்கவே கூடாது.
* திருப்பத்தில் கடகட சத்தம், இழுத்துப் பிடிப்பது போன்ற உணர்வு, கருகிய வாசனை இருந்தால்: நிறுத்திவிட வேண்டும்.

இழுத்துச் செல்லும்போதும் கவனம் தேவை. சாதாரண காரைப் போல முன் சக்கரங்களைத் தூக்கி, பின் சக்கரங்கள் தரையில் உருள இழுத்துச் சென்றால் கப்ளிங்கும் டிஃபரன்ஷியலும் கெட்டுப்போகலாம். நான்கு சக்கரங்களும் மேலே இருக்கும்படி ஃபிளாட் பெட் லாரியில்தான் ஏற்ற வேண்டும். டோயிங் சேவைக்கு போன் செய்யும்போதே 'ஆல் வீல் டிரைவ் வண்டி' என்று சொல்லிவிட வேண்டும்.

மின்சாரக் கார்களில் கதை சற்று வேறு. டாடா ஹாரியர் இவி போன்ற கார்களில் முன்னும் பின்னும் தனித்தனி மோட்டார்கள். நடுவில் ஷாஃப்ட்டும் இல்லை, கப்ளிங்கும் இல்லை. சக்கர சென்சார் கோளாறு அங்கும் வரலாம். ஆனால் உயர் மின்னழுத்தப் பாகங்களை வீட்டிலோ தெரு ஷெட்டிலோ திறந்து பார்க்கவே கூடாது.

சர்வீஸ் சென்டரில் என்ன கேட்கணும்?

'ஆல் வீல் டிரைவ் யூனிட்டையே மாத்தணும் சார்' என்று சொன்னால் உடனே தலையாட்ட வேண்டியதில்லை. மரியாதையாக இந்தக் கேள்விகளைக் கேட்கலாம்.

* என்ன குறியீடு வந்தது? எல்லா கம்ப்யூட்டர்களையும் ஸ்கேன் செய்தீர்களா? அதன் பிரின்ட் கிடைக்குமா?
* இந்தப் பாகம்தான் காரணம் என்று எந்தப் பரிசோதனையில் உறுதியானது?
* நான்கு டயர்களின் பட்டன் ஆழம் எவ்வளவு?
* ஒயர், கனெக்டர் பார்த்தாச்சா?
* வாரன்ட்டியில் வருமா?
* மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தருவீர்களா?

இந்தக் கேள்விகளுக்குத் தெளிவான பதில் கிடைத்தால், பெரிய வேலையாக இருந்தாலும் நம்பிச் செய்யலாம். 'மாத்திப் பாப்போம்' என்பதுதான் பதில் என்றால், இன்னொரு இடத்தில் காட்டுவது நல்லது.

வராமல் தடுக்கவும் வழி இருக்கிறது. நான்கு டயர்களும் ஒரே சீராகத் தேயும்படி கையேட்டில் சொன்ன இடைவெளியில் இடம் மாற்றிப் போட வேண்டும். முடிந்தவரை நான்கையும் ஒன்றாக மாற்ற வேண்டும். பின் டிஃபரன்ஷியல், கப்ளிங் ஆயில் எப்போது மாற்ற வேண்டும் என்று சர்வீஸ் அட்டவணையில் ஒருமுறை பார்த்துவைக்க வேண்டும்.

வால்பாறை குடும்பம் என்ன ஆச்சு?

மறுபடி அந்தக் கற்பனைக் காட்சிக்கு வருவோம். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பாயின்ட். நிறுத்த இடம் இருக்கிறது. சிவப்பு விளக்கு எதுவும் இல்லை. பிரேக் சரியாகப் பிடிக்கிறது. பொள்ளாச்சியில் தெரிந்த மெக்கானிக்குக்கு போன் போகிறது.

"அண்ணே, ஆல் வீல் டிரைவ் லைட் எரியுது. மேல போகலாமா?"

"சிவப்பா எதும் எரியுதா தம்பி?"

"இல்லண்ணே. எல்லாம் மஞ்சள்தான்."

"சமீபத்துல டயர் எதும் மாத்துனீங்களா?"

"ஆமாண்ணே. போன வாரம் முன்னாடி ரெண்டும் புதுசு போட்டேன். பின்னாடி ரெண்டும் பழசுதான்."

"அதான் விஷயமா இருக்கும். அரை மணி நேரம் ஆற விடுங்க. லைட் அணைஞ்சுட்டா மெதுவா போங்க. ஏபிஎஸ் லைட் அப்படியே நின்னா மேல ஏறாதீங்க, குறைஞ்ச கியர்ல பொறுமையா இறங்கி வாங்க. எப்படி இருந்தாலும் நாளைக்கு வண்டிய கொண்டாங்க, அளந்து பாத்துட்டுச் சொல்றேன். அதுக்கு முன்னாடி எதையும் கழட்டி மாட்டிடாதீங்க."

டீ குடித்துவிட்டு வரும்போது விளக்கு அணைந்திருக்கிறது. ஆனால் காரணம் அப்படியே இருக்கிறது. நாளை பட்டன் ஆழத்தை அளந்து, குறியீட்டைப் படித்து, பின்னால் இரண்டு டயர்களையும் மாற்றினால் அதோடு முடிந்துவிடலாம். 'அணைஞ்சுடுச்சே' என்று மறந்துவிட்டால், அடுத்த முறை எரியும்போது டயரோடு கப்ளிங்குக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டியிருக்கும்.